ரயில் போன பாதையில் சைக்கிள் போகட்டுமே

பழனி ரோட்டில் வடகவுஞ்சிக்கு சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா? நான் பாதி தூரம் தள்ளிக்கிட்டுதான் வந்தேன் :-)

ரோடு செங்குத்தா ஏறும். ரயில்பாதை வளைஞ்சு வளைஞ்சு மெதுவாத்தான் ஏறும். அதனாலதான் கைவிட்ட ரயில்பாதை சைக்கிளுக்குத் தோது. இங்கிலாந்தில் 1968ல் மூடிய ஒரு பாதைதான் இன்றைய மான்சால் டிரெயில்.

நமக்குப் பக்கத்திலேயே ஒண்ணு இருக்கு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1908 முதல் தேயிலை சுமந்த குட்டி ரயில், 1924 வெள்ளத்தோட போச்சு. அந்தத் தடத்தில் பல இடங்களில் இப்போ கார் ரோடு. மறுபடி ரயில் விடலாம்னும் கேரளாவில் பேச்சு எழுந்தது. என்னைக் கேட்டா, கோடிகளைக் கொட்ட வேண்டாம். ரோடு விழுங்காத துண்டுகளை அளந்து சைக்கிளுக்கு ஒதுக்குங்க. ரிசார்ட் வேலி முந்திக்கிட்டா அதுவும் மிஞ்சாது.

நீங்க என்ன சொல்றீங்க?