மூணாவது வயலினுக்கும் வேலை உண்டு

ஸ்கூல் ஆண்டு விழா நாடகத்தில் உங்களுக்கு என்ன வேஷம் கொடுத்தார்கள்? ராஜா வேஷம் என்றால் மேலே படிக்க வேண்டாம்; அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போய்விடலாம். மரமாக நின்றவர்கள், ஈட்டி பிடித்தவர்கள், அதுவும் கிடைக்காமல் பெஞ்சு தூக்கிப் போட்டவர்கள் மட்டும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். இது நம்ம சமாச்சாரம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஸஃபோக் என்று ஒரு மாவட்டம். அங்கே பெஞ்சமின் பிரிட்டன் (1913-1976) என்று ஓர் இசையமைப்பாளர் இருந்தார். பெயர்தான் பிரிட்டன், நாட்டுக்கும் அவருக்கும் ஸ்பெல்லிங்கில்கூட ஒற்றுமை கிடையாது. 'பீட்டர் கிரைம்ஸ்' என்ற ஆபரா எழுதி 1945-லேயே பெரிய ஆளாகிவிட்டவர். அந்த மனுஷர் 1958-ல், ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திரட்டி, 'நோவாஸ் ஃப்ளட்' என்று ஒரு பாட்டு நாடகம் போட்டார். பைபிளில் வரும் நோவா, பேழை, பெருவெள்ளம் - அதே கதைதான்.

வசனம் புதுசு இல்லை. செஸ்டர் என்ற ஊரில் பல நூற்றாண்டுகளுக்கு முன் தொழில் சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு பைபிள் கதையைத் தெருவில் வண்டி மேடை போட்டு நடிப்பார்கள். வெள்ளக் கதை எந்தச் சங்கத்துக்குப் போனது தெரியுமா? ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் சங்கத்துக்கு! அனுபவம் உள்ளவனிடம்தானே வேலையைக் கொடுக்க வேண்டும்?

சரி, கையில் நாடகம் இருக்கிறது. எதிரே ஒரு படை பிள்ளைகள். பாதிப் பேருக்குப் பாட்டு வராது. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஒரு தேர்வு வைப்போம். நன்றாகப் பாடும் நாலு பேர் மேடைக்கு. மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கை தட்ட வேண்டியது.

பிரிட்டன் இதைத் தலைகீழாகச் செய்தார். வந்தவனுக்கு என்ன வாசிக்கத் தெரியுமோ, அதற்கு ஏற்றாற்போல் இசையை எழுதினார். வயலினில் மூன்று வகுப்பு வைத்தார். முதலாவது, ஓரளவு தேறினவர்களுக்கு. இரண்டாவது, ஆரம்பப் பாடம் முடித்தவர்களுக்கு. மூணாவது வயலின் இருக்கிறதே, அது நேற்றுதான் வில்லைப் பிடித்தவனுக்கு. இடது கை விரலே வேண்டாம் ஸார், பெரும்பாலும் வெறும் தந்தியை இழுத்தால் போதும்! அந்த வெறும் தந்திச் சத்தம் மொத்த இசையோடு ஒட்டி நிற்கிற மாதிரி எழுதியதுதான் கெட்டிக்காரத்தனம்.

இந்தக் கூட்டம் தடம் புரளாமல் இருக்கத் தொழில்முறைக் கலைஞர்கள் ஒரு சின்ன கோஷ்டி - ஐந்து தந்தி வாத்தியம், பியானோ, ஆர்கன், முரசு இப்படி. பி.காம். பாஷையில் சொன்னால் ஃபிக்ஸட் அசெட் கொஞ்சம், வொர்க்கிங் கேபிடல் நிறைய.

மழைச் சத்தம் எப்படி? இங்கே இமோஜென் ஹோல்ஸ்ட் என்ற அம்மையார் வருகிறார். யுத்த காலத்தில் பெண்கள் சங்கங்களுக்குத் தாள வாத்தியம் சொல்லிக்கொடுத்தவர். பிரிட்டனைத் தன் சமையலறைக்கே கூட்டிப்போய், பீங்கான் குவளைகளை வரிசையாகக் கயிற்றில் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் தட்டிக் காட்டினார். டொய்ங்... டொய்ங்... முதல் மழைத்துளி ரெடி. நம்ம ஜலதரங்கத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் கிடையாது.

மிருகங்கள் கோஷ்டி கோஷ்டியாக, ப்யூகிள் முழங்க, பேழைக்குள் போகும். மிருகம் என்றால் ஊர்ப் பிள்ளைகள்தான். சிங்கம் முதல் எலி வரை எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு. எல்லா ஜந்துவும் ஏறிவிடும், ஒருவர் மட்டும் ஏற மாட்டார்: நோவாவின் சம்சாரம். தோழிகளோடு உட்கார்ந்து குடித்து அரட்டை அடிப்பவர், அவர்களை விட்டு வர மாட்டேன் என்று அடம். கடைசியில் பிள்ளைகள் குண்டுக்கட்டாகத் தூக்கிப்போய் உள்ளே வைக்க, அம்மாள் கணவன் கன்னத்தில் ஒன்று வைப்பார். உலகமே மூழ்கும்போதும் குடும்பம் குடும்பம்தான்.

புயல் உச்சத்துக்கு வரும்போது இன்னொரு வேடிக்கை. பார்வையாளர்கள் எல்லோரும் எழுந்து நடிகர்களோடு சேர்ந்து தோத்திரப் பாட்டுப் பாட வேண்டும். டிக்கெட் வாங்கினவனுக்கும் வேலை!

முதல் காட்சி 1958 ஜூன் 18-ம் தேதி, ஆர்ஃபர்ட் என்ற சின்ன ஊரின் சர்ச்சில். இதை நாடகக் கொட்டகையில் போடாதீர்கள், சர்ச் அல்லது பெரிய கூடத்தில் போடுங்கள் என்பது பிரிட்டனின் நிபந்தனை. நோவாவின் மகன்களில் ஒருவனாகப் பாடிய பையன் மைக்கேல் கிராஃபோர்ட். 1986-ல் லண்டனில் 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா'வின் நாயகனாகப் பேர் வாங்கியவர் அவர்தான்.

"பார்த்தீர்களா, திறமை எப்படியும் மேலே வந்துவிடும்" என்று சொல்ல வருகிறீர்கள். அது இல்லை விஷயம். கிராஃபோர்டுகள் எப்படியும் வந்துவிடுவார்கள். குவளை தட்டின பையன்? அவனும் வீட்டுக்குப் போய், "இன்னிக்கு மழையை நான்தான் பெய்ய வெச்சேன்" என்று சொல்லியிருப்பானே, அதுதான் விஷயம். அமெரிக்க டைரக்டர் வெஸ் ஆண்டர்ஸன் சின்ன வயதில் இந்த நாடகத்தில் பங்கெடுத்தவர். வளர்ந்து 2012-ல் 'மூன்ரைஸ் கிங்டம்' எடுத்தபோது கதையின் நடுவில் இதே நாடகத்தைக் கொண்டுவந்து வைத்தார். அத்தனை வருஷம் மனசுக்குள் மழை விடவில்லை.

எல்லோரையும் சேர்த்தால் தரம் போய்விடும் என்று ஒரு வாதம் உண்டு. ஆபீஸ்களில் தினமும் கேட்பதுதான்: "அவனை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது ஸார்." பிரிட்டன் தரத்தைக் குறைக்கவில்லை. தெரியாதவனுக்கு எழுதும் கஷ்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அப்படி மெனக்கெட நேரமில்லாதவர்கள்தான் "பையனுக்கு வராது" என்று எழுதி ஃபைலை மூடுகிறார்கள்.

இந்த வருஷ ஆண்டு விழாவில் உங்கள் பிள்ளையை மரமாக நிறுத்தினால் கோபப்படாதீர்கள். வாத்தியாரிடம் பணிவாக ஒன்று மட்டும் கேளுங்கள்:

"ஸார், மரம் காத்துல ஆடும்போது ஒரு சத்தம் வருமே... அதை இவனே போடட்டுமா?"