நம் அங்கத்தினர் பெரட்டுக்கு வந்தாரா?

விடியற்காலைப் பெரட்டுக்கு வராதவருக்குத் தோட்டத்தில் அன்று பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளம் இல்லை. செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய நாம் இதை நன்கறிவோம். நம் வாக்கைப் பெற்று மக்களவைக்குச் சென்ற அங்கத்தினருக்கும் ஒரு செக்ரோல் உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அதுதான் ஹன்சார்ட். 1959 செப்டம்பரில் மக்களவை முதன்முறை கூடியது முதல் அங்கே பேசியதெல்லாம் அதில் பதிவாகி வருகிறது. யார் வந்தார், யார் வரவில்லை என்ற பட்டியலும் உண்டு. இன்று நாடாளுமன்றத்தின் இணையத் தளத்தில் காசின்றிப் படிக்கலாம். மலாயில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நம் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள்.

ஆனால், வருகையை மட்டும் கண்டு ஏமாறலாகாது. பாலின் எடை வேறு, அதிலுள்ள காய்ந்த ரப்பர் வேறு அன்றோ? 222 பேர் கொண்ட சபையில் 26 பேர் இருந்தாலே கூட்டம் நடத்தலாம். காலையில் பேர் பதிந்தவர், மாலையில் மசோதா நிறைவேறும்போது ஆசனத்தில் இருந்தார் என்பதற்கு அந்தப் பட்டியல் சாட்சியாகாது.

வாக்கைப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில் நிறைவேறுகின்றன. சத்தம் கேட்கும், பேர் பதியாது. குறைந்தது 15 பேர் எழுந்து நின்றால்தான் தலை எண்ணிப் பேர் பதிவார்கள். 2020 நவம்பர் 26இல், அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் கொள்கை அளவில் வாக்குக்கு வந்தபோது எழுந்து நின்றவர் 13 பேரே. இரண்டு பேர் குறைவு! குரலிலேயே நிறைவேறிற்று. அதே திட்டத்துக்கு டிசம்பர் 15இல் இறுதி வாக்கெடுப்பில் தலை எண்ணினார்கள்: ஆதரவு 111, எதிர்ப்பு 108. ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் கொள்கை. எதைச் செய்தாலும் பேர் தெரியச் செய்யட்டும் என்பதே நம் வாதம்.

நோயும் வேறு அலுவலும் எவருக்கும் உண்டு. காரணத்தைச் சொல்லட்டும், ஏற்போம். ஆனால் நியாயத்தைப் பாருங்கள். தகுந்த காரணமும் அறிவிப்புமின்றித் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேலைக்கு வராத தொழிலாளி ஒப்பந்தத்தை மீறியவர் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அனுமதியின்றி ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராத அங்கத்தினரின் இடம் காலியென்று சபை அறிவிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 52ஆம் விதி. நமக்கு இரண்டு நாள். அவருக்கு ஆறு மாதம். அதிலும் 'அறிவிக்கலாம்' தான்!

நாமும் குற்றமற்றவர்களல்லர். கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு கொடுத்தார், சாவு வீட்டுக்கு வந்தாரா என்று கேட்டோம். குறைந்தபட்சச் சம்பளம், தொழிலாளர் வீடு, சேமநிதி பற்றிச் சபையில் எத்தனை தடவை வாய் திறந்தார் என்று கேட்டோமா?

தோழர்களே, கிளைக்கொரு நோட்டுப் புத்தகம் போதும். வந்த நாள், பேசிய பொருள், பேர் தெரிய அளித்த வாக்கு என மூன்று பத்தி போடுவோம். கிராணிமார் எழுதட்டும், பால்மரம் வெட்டும் தோழர்கள் கேள்வி கேட்கட்டும். அடுத்த தேர்தலில் அவர் மாலைக்குக் கழுத்தை நீட்டுமுன், அந்த நோட்டை அவர் முன்னாலேயே உரக்கப் படிப்போம்.