முக்காலியும் விளக்கும் உணர்த்தும் நெறி

வீட்டில் நாம் புழங்கும் பொருள்கள் ஊமைகள் அல்ல. தம்மைச் செய்தவன் யார், யாருக்காகச் செய்தான், எதனை அழகென்று கருதினான் என்பவற்றை அவை சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கேட்கும் செவிதான் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டென்மார்க், சுவீடன், பின்லாந்து ஆகிய வட ஐரோப்பிய நாடுகளில் உருவான மரச்சாமான்களும் விளக்குகளும் இன்று உலகெங்கும் விரும்பித் தேடப்படுவது இவ்வகையில் ஆய்ந்து நோக்கத்தக்கது. அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழைய நாற்காலியை ஏலத்தில் போட்டியிட்டு வாங்குகின்றனர். பழமையினாலா? செய்தவர் பெற்ற புகழினாலா? இவ்விரண்டும் மேலோட்டமான விடைகள் என்பதே என் துணிபு.

இக்கலையின் வேர் ஓர் அறக்கோட்பாட்டில் ஊன்றியிருக்கிறது. அழகு செல்வர்க்கு மட்டும் உரிய உடைமையன்று, எளியவர் இல்லத்திற்கும் அது வேண்டும் என்று சுவீடன் நாட்டு எழுத்தாளர் எல்லென் கேய் அம்மையார் 1899ஆம் ஆண்டிலேயே 'அனைவர்க்கும் அழகு' என்னும் நூலில் வாதிட்டார். இத்தகைய கோட்பாடு செயலுருப் பெறுவதற்கு ஒழுங்குமுறை தேவை. டென்மார்க்கில் அதனைத் தந்தவர், கோபன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் 1924இல் மரச்சாமான் வடிவமைப்புத் துறை தோன்றக் காரணமான கோரெ கிளிண்ட். மனித உடலின் அளவுகளையும், அலமாரியில் வைக்கும் தட்டு, துணி முதலியவற்றின் அளவுகளையும் கணக்கிட்டே அவர் வடிவமைத்தார். தம் மாணவரையும் அவ்வாறே பழக்கினார். பொருள் மனிதனுக்காக, மனிதன் பொருளுக்காக அல்லன். இதுவே அப்பாடத்தின் சாரம்.

அவர்தம் மாணவர் பொர்கெ மொகன்சன், டென்மார்க்கின் கூட்டுறவு இயக்கத்திற்காக 1947இல் ஒரு நாற்காலியை வடிவமைத்தார். அது 'மக்கள் நாற்காலி' என்றே பெயர் பெற்றது. செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, இளமையிலேயே தச்சுத் தொழில் பயின்ற ஹான்ஸ் வெக்னர் 500க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வடித்தார். 1949இல் அவர் வடிவமைத்த ஒரு நாற்காலியின் இருக்கை, ஏறத்தாழ 120 மீட்டர் காகிதக் கயிற்றால் கையாலேயே பின்னப்படுவது. கயிறு தேய்ந்தால் மீண்டும் பின்னிக்கொள்ளலாம். சட்டம் அப்படியே நிற்கும். பழுது பார்த்துப் பயன்படுத்தத்தக்கதாகவே அது பிறந்தது.

பின்லாந்தின் ஆல்வார் ஆல்டோ 1933இல் படைத்தது மூன்று கால்களும் ஒரு வட்டப் பலகையும் மட்டுமே கொண்ட இருக்கை. நம் மொழி அதற்கு 'முக்காலி' என்ற சொல்லை முன்னரே வைத்திருக்கிறது. தம் நாட்டில் மிகுதியாக வளரும் பிர்ச் மரத்தை வளைத்துக் கால்கள் செய்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கலாம். அதில் நீக்குவதற்கு எதுவும் இல்லை. சேர்ப்பதற்கும் எதுவும் இல்லை.

விளக்கின் கதையும் இத்தகையதே. கோபன்ஹேகனில் மார்கழிக் குளிரில் பகற்பொழுது ஏழு மணி நேரமே. நீண்ட இருளில் வாழ்வோர்க்கு விளக்கு அணிகலன் அன்று, உயிர்த்துணை. மண்ணெண்ணெய் விளக்கு மறைந்து மின்குமிழ் வந்தபோது, அதன் கூரிய ஒளி கண்ணைக் கூசச் செய்தது. பொவுல் ஹென்னிங்சன் 1920களின் நடுவில், ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த மூன்று மறைப்புகளைக் கொண்டு அச்சிக்கலைத் தீர்த்தார். குமிழ் கண்ணுக்குப் புலப்படாது. அதன் ஒளி மட்டும் மறைப்புகளில் பட்டு மென்மையாய் மேசைமீது இறங்கும். தன்னை மறைத்துப் பிறர்க்கு ஒளி தருவது விளக்குக்கு மட்டுமா பொருந்தும்?

எனினும் புகழ்ந்துரைப்பதோடு நிற்பது நடுநிலையாகாது. டென்மார்க்கின் புகழ்பெற்ற சாமான்கள் பலவும் தாய்லாந்து முதலிய கீழை நாடுகளின் தேக்கினால் ஆனவை. தமிழும் மலையாளமும் வழங்கும் 'தேக்கு' என்னும் சொல்லே போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது. சொல்லைத் தொடர்ந்து மரமும் சென்றது. அக்காலத்தில் விரும்பப்பட்ட பிரேசில் நாட்டு ரோஸ்வுட் அருகிப்போய், 1992இல் அதன் பன்னாட்டு வணிகத்திற்குத் தடை விதிக்க நேர்ந்தது. ஒரு வீட்டின் எளிமைக்கு வேறொரு நாட்டின் காடு விலை கொடுத்தது என்பதை மறைத்தல் தகாது.

இன்றைய நிலையோ பெருமுரண். எளிய குடும்பத்திற்கெனப் பிறந்த இக்கலை, செல்வர்தம் கூடத்தில் காட்சிப்பொருளாகிவிட்டது. உட்காருவதற்காகச் செய்த நாற்காலியில் ஒருவரும் உட்காருவதில்லை! பொருளை வாங்கியவர்கள் அதன் கருத்தை வாங்கவில்லை. மறுபுறம், மலிவாக வாங்கிச் சில ஆண்டுகளில் குப்பையில் எறியப்படும் துகள்பலகைச் சாமான்கள் பெருகுகின்றன. ஒன்று ஆடம்பரம், மற்றொன்று விரயம். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

வீண்விரயமும் கூடாது, கருமித்தனமும் கூடாது, இடைப்பட்ட நடுநெறியே நன்று என்பது இஸ்லாம் கற்பிக்கும் வாழ்வுமுறை. அந்நெறியை அறியாத வடபுலத்துத் தச்சர்களும், தம் வழியில் சிந்தித்து அதன் அருகே வந்து சேர்ந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆகவே மாணவச் செல்வங்களே, ஒரு பொருளின் முன் நிற்கும்போது அதன் விலையை முதலிற் கேளாதீர்கள். அது பயன்படுமா? நீடித்து உழைக்குமா? பழுதானால் சீர்செய்ய இயலுமா? அதற்காக எங்கேனும் எதுவும் அழிந்ததா? இந்நான்கு வினாக்களுக்கும் தக்க விடை தரும் பொருளே அழகிய பொருள். அது பழையதா புதியதா, உள்ளூரா வெளிநாடா என்பதெல்லாம் அதன் பின்னரே.