கடுகு டப்பா வாரண்டி

ஃப்ரிட்ஜ் விற்கிறவருக்கு இரண்டு முகம் உண்டு. பில் போடுவதற்கு முன் ஒன்று. பில் போட்ட பின் ஒன்று.

முன்: “கண்ணை மூடிக்கிட்டு எடுங்க சார்! பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்க்ரூ கழலாது. என் மச்சான் வீட்லயே இதுதான்.”

பின்: “கம்பெனி வாரண்டி ஒரு வருஷம்தான் சார். அதுக்கப்புறம் எது வேணா நடக்கலாம். போர்டு போச்சுன்னா ஏழாயிரம், எட்டாயிரம்னு தீட்டிடுவாங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடட்டுமா? ரெண்டு வருஷத்துக்கு மூவாயிரம்தான்!”

பில் அச்சாகி வெளியே வருகிற ஒன்றரை நிமிஷத்துக்குள் ஒரு நல்ல ஃப்ரிட்ஜின் ஜாதகமே மாறிவிடுகிறது! பின்னால் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் இடிக்கிறது. முப்பதாயிரம் கொடுத்தவருக்கு மூவாயிரம் பெரிதாகவும் தெரியாது. “சரி, போடுங்க” என்று தலை தானாக ஆடிவிடும்.

பி.காம். படித்த பாவத்துக்கு எங்கள் தெருவில் யார் எது வாங்கினாலும் என்னிடம் வந்து பில்லை நீட்டுவார்கள். (டாக்டருக்குப் படித்திருந்தால் நாக்கை நீட்டியிருப்பார்கள். ஏதோ, பில்லோடு போயிற்று!) அப்படி நீட்டப்பட்ட பில்களில் சமீப காலமாக இந்த எக்ஸ்டெண்டட் வாரண்டி தவறாமல் ஒரு வரி பிடித்துக்கொண்டிருப்பதால், கணக்கைக் கொஞ்சம் விரித்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. பெயர்தான் வாரண்டி. விஷயம் இன்ஷூரன்ஸ். ‘என் சரக்கு நல்ல சரக்கு’ என்று கம்பெனி தன் பொறுப்பில் தருகிற வாக்கு, முதல் வருஷ வாரண்டி. அதற்குப் பிறகு வருவது, ‘ஒருவேளை கெட்டுப் போனால்?’ என்ற உங்கள் பயத்துக்கு நீங்களே கட்டுகிற பிரீமியம். அந்த மூவாயிரத்தில் கடைக்காரர் கமிஷன் இருக்கிறது. விற்ற தம்பியின் இன்சென்டிவ் இருக்கலாம். திட்டம் நடத்துகிறவரின் ஆபீஸ் செலவு, லாபம், 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் இருக்கிறது. இத்தனை பேரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிஞ்சுவதுதான் ரிப்பேருக்கு. ஆக, ஆயிரம் பேர் வாங்கினால், ஆயிரம் பேருக்கும் சேர்த்துத் திரும்பி வருவது, கட்டியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் அவர் கடையை மூட வேண்டியதுதான்!

சின்னக் கணக்கு. ஒரு ரிப்பேருக்கு ஆறாயிரம் என்று வையுங்கள். மூவாயிரம் பிரீமியம் கட்டுபடியாக வேண்டுமானால், அந்த இரண்டு வருஷத்துக்குள் இரண்டு ஃப்ரிட்ஜில் ஒன்று படுத்துவிட வேண்டும். அத்தனை மோசமான ஃப்ரிட்ஜ் என்றால் வாரண்டி வாங்குவதைப் பற்றி யோசிக்கக் கூடாது. அந்த ஃப்ரிட்ஜையே வாங்கக் கூடாது!

இன்ஜினீயர்கள் ‘குளியல் தொட்டி வளைவு’ என்று ஒன்று சொல்வார்கள். மெஷின்கள் புதிதில் கொஞ்சம் மக்கர் பண்ணும். நடு வயதில் ஒழுங்காக ஓடும். வயதானதும் மறுபடி மக்கர். கோடு போட்டுப் பார்த்தால் இரு பக்கமும் உயர்ந்து, நடுவில் பள்ளமாக, குளிக்கிற தொட்டி மாதிரி இருக்கும். நாமும் அப்படித்தான். பிறந்த புதிதில் சளி, கடைசியில் மூட்டு வலி, நடுவில் இ.எம்.ஐ. தவிர வேறு உபாதை இல்லை! புதிதில் வருகிற மக்கரைக் கம்பெனி வாரண்டி பார்த்துக்கொள்ளும். எக்ஸ்டெண்டட் வாரண்டி பெரும்பாலும் அந்த நடுப் பள்ளத்தில் வந்து உட்காருகிறது. முதுமை ஆரம்பிப்பதற்குள் அது விடை பெற்றுக்கொள்ளும்.

“கம்ப்ரஸருக்கும் சேர்த்துதான் சார்” என்பார்கள். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸருக்கும் வாஷிங் மெஷின் மோட்டாருக்கும் பல கம்பெனிகள் ஏற்கெனவே பத்து வருஷம் கொடுத்திருக்கின்றன. கார்டைப் பிரித்துப் பாருங்கள். ஆனால் அது அந்தப் பாகத்துக்கு மட்டும். காஸ் நிரப்புவது, கழற்றி மாட்டும் கூலி, வண்டிச் சத்தம் எல்லாம் அநேகமாக நம் தலையில்.

அப்புறம் அந்தப் பொடி எழுத்து. என் நண்பர் ஒருவரின் வாஷிங் மெஷினுக்குள் எலி புகுந்து வயரைக் கடித்துவிட்டது. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருக்கிற தைரியத்தில் மனுஷர் எலியைக்கூடத் திட்டாமல் போன் போட்டார். வந்த மெக்கானிக் காகிதத்தைப் புரட்டி, “எலி கவர் ஆகாது சார்” என்றார். எலிக்கு எல்லாம் கவர் ஆகியிருந்தது, நண்பருக்குத்தான் ஆகவில்லை! எலி, கரப்பான், வோல்டேஜ் ஏற்ற இறக்கம், துரு, பிளாஸ்டிக், ரப்பர், கண்ணாடி... நம் ஊர் வீடுகளில் எதெல்லாம் வழக்கமாகக் கெடுமோ, அதெல்லாம் பல திட்டங்களில் ‘நீங்கலாக’ பட்டியலில் இருக்கும். மூவாயிரத்துக்கு முதலில் ஒரு நல்ல ஸ்டெபிலைஸர் வாங்குங்கள். மிச்சத்தில் ஒரு எலிப்பொறி!

“அப்போ யாருமே வாங்கக் கூடாதா?” என்றால், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எங்கள் பக்கத்து போர்ஷனில் ஒரு பாட்டி. தனிக்கட்டை. குடும்பப் பென்ஷன். அவர் ஃப்ரிட்ஜில் காய்கறி இருக்கிறதோ இல்லையோ, இன்சுலின் இருக்கும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தாக வேண்டும். புது ஃப்ரிட்ஜ் வாங்கிப் பத்து மாதம் ஆனபோது கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, கணக்கெல்லாம் படிச்சிருக்கியே. இந்த வாரண்டி வாங்கட்டுமா, வேண்டாமா?”

மேலே சொன்ன குளியல் தொட்டி உட்பட எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ சொல்றது ஆயிரம் ஃப்ரிட்ஜுக்குச் சரிப்பா. என்கிட்ட இருக்கறது ஒண்ணுதானே? அது இருபதாம் தேதி நின்னுபோனா ஆறாயிரத்துக்கு நான் யார்கிட்ட போய் நிக்கறது?” என்றார்.

எந்தக் கல்லூரிப் பாடமும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. சராசரி என்பது ஆயிரம் பேருக்கு. அடி விழுவது ஒருத்தர் முதுகில். திடீரென்று ஆறாயிரம் புரட்ட முடிகிறவருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வீண் செலவு. முடியாதவருக்கு அது நிம்மதியின் விலை. பாட்டிக்கு வாங்கச் சொன்னேன். ஆனால் மூன்று நிபந்தனையோடு: ஒன்று, ஃப்ரிட்ஜ் செய்த கம்பெனியே நேரடியாகத் தருகிற திட்டமாக இருக்க வேண்டும். இரண்டு, எதெதெல்லாம் ‘நீங்கலாக’ என்பதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் (படித்தேன்). மூன்று, எத்தனை நாளில் ஆள் வருவார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதுவரை இன்சுலினுக்கு என் வீட்டு ஃப்ரிட்ஜ். அதற்குப் பிரீமியம் கிடையாது.

கவனித்தீர்களா? பத்தாவது மாதம்! பல கம்பெனிகளின் திட்டத்தை முதல் வருஷ வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பில் கவுண்ட்டரிலேயே அவசரப்பட வேண்டியதில்லை. பெரிய சைஸ் டி.வி.க்கும் யோசிக்கலாம். பேனல் போனால், அதை மாற்றுகிற செலவில் கிட்டத்தட்ட ஒரு புது டி.வி.யே வந்துவிடும்.

மற்றவர்களுக்கு என் சிபாரிசு, நம் பாட்டிமார்கள் கண்டுபிடித்த கடுகு டப்பா வாரண்டி. ஃப்ரிட்ஜுக்கு மூவாயிரம், வாஷிங் மெஷினுக்கு இரண்டாயிரத்து ஐநூறு, டி.வி.க்கு நாலாயிரம், ஏ.சி.க்கு மூவாயிரத்து ஐநூறு, கீஸருக்கு ஆயிரம் என்று கடைக்காரர் கேட்பதாக வைத்துக்கொண்டால், மொத்தம் பதினாலாயிரம். அதை அவரிடம் கொடுக்காமல் ஒரு தனி சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். ஐந்தும் சேர்ந்தாற்போல் படுக்காது. எது படுத்தாலும் இந்த டப்பா கை கொடுக்கும். எலி கடித்தாலும் கொடுக்கும்!

இன்னொன்று. வாரண்டி எதுவானாலும், இருக்கும்போதே கையை விரித்தால் சும்மா விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் கமிஷன். 2020-ல் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில்லும் வாரண்டி கார்டும் பத்திரம். சில பில்களில் எழுத்து ஆறே மாதத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருஷம் எதுவும் கெடாமல் ஓடி, கடுகு டப்பாவில் பதினாலாயிரமும் அப்படியே மிஞ்சினால் அது யாருக்கு? வீட்டில் கேட்டேன். “டப்பா யாருதோ அவங்களுக்கு” என்று தீர்ப்பு வந்தது. இதற்கு அப்பீல் எந்த கமிஷனிலும் கிடையாது!