முறுக்குறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு!



தலைப்பைப் பார்த்ததும் ‘இவனும் வண்டி முறுக்குற கோஷ்டிதானா?’ என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை. கியர் வண்டி ஓட்டும் உரிமமும் கிடையாது. ஆனாலும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

போன ஐப்பசி மழையில் எங்கள் பெரியம்மா மகன் அண்ணன் பைக்கிலிருந்து விழுந்துவிட்டார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: “வேகமாப் போயிருப்பான்.” உண்மையில் அண்ணன் போனது நாற்பதில். குறுக்கே மாடு வந்திருக்கிறது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நான்காவது கியரிலிருந்து டக் டக்கென்று இரண்டாவதுக்குக் குறைத்து, கிளட்சைப் படக்கென்று விட்டுவிட்டார். பின்சக்கரம் கோணிக்கொண்டு போய் வண்டி படுத்துவிட்டது.

எங்கள் தெரு மெக்கானிக் மாமா வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, மழை மேல மட்டும் பழி போடாத. இன்ஜினே பின்சக்கரத்தைப் பிடிச்சு இழுத்திருக்கு.”

அது எப்படி என்று கேட்டேன். மாமா சொன்னதை நம் இயற்பியல் பாடத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டியின் இன்ஜின், நான்காவது கியரில் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் இரண்டாவது கியர் என்றால் ஏறக்குறைய 7,000 சுற்று தேவைப்படும். ஆனால் நாம் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுக் கிளட்சைப் பிடித்ததும் இன்ஜின் சுற்று குறைய ஆரம்பித்துவிடுகிறது. அந்த நேரத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டால், இன்ஜினை 7,000-க்கு ஏற்றும் வேலை யார் தலையில் விழும்? பின்சக்கரத்தின் தலையில்! முன்பிரேக் பிடித்திருப்பதால் பாரமெல்லாம் முன்னால் போய், பின்சக்கரம் லேசாகி, உராய்வும் குறைந்திருக்கும். ஈரத் தார் ரோடு என்றால் கேட்கவே வேண்டாம். டயர் சறுக்கும், இல்லையென்றால் துள்ளும்.

ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவரைப் பாருங்கள் (ஏறச் சொல்லவில்லை சார்!). பஸ்ஸோடு நாலடி ஓடி, அதன் வேகத்துக்கு வந்தபிறகுதான் கம்பியைப் பிடிப்பார். நின்ற இடத்திலிருந்தே பிடித்தால் இழுத்துப் போட்டுவிடும். விஷயம் தெரிந்தவர்கள் கியர் குறைக்கும்போது, கிளட்சைப் பிடித்தபடி ஆக்சிலேட்டரை ஒரு சின்ன முறுக்கு முறுக்குவார்களே, அது இந்த நாலடி ஓட்டம்தான். இன்ஜின் சுற்று மேலே வந்து சக்கரத்தோடு ஒத்துப்போகும். பிறகு கிளட்சை விட்டால் குலுக்கலே தெரியாது. ‘த்ராட்டில் பிளிப்’ என்பது இவ்வளவுதான்.

பள்ளி கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு ‘வ்ரூம் வ்ரூம்’ என்கிறார்களே சில அண்ணன்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிற்கிற வண்டியில் எந்தக் கியரைக் குறைக்கப் போகிறார்கள்? பெட்ரோல்தான் வீண்.

இதை எங்கள் வகுப்பில் சொன்னபோது ஒரு நண்பன், “அதெல்லாம் பழைய கதைடா. இப்ப ஸ்லிப்பர் கிளட்ச் வந்தாச்சு, எப்படிக் குறைச்சாலும் ஒண்ணும் ஆகாது” என்றான். இங்கேதான் எனக்கும் அவனுக்கும் சண்டை.

ஸ்லிப்பர் கிளட்ச் நல்ல கண்டுபிடிப்புதான். கிளட்சுக்குள்ளே சரிவான மேடுகள் இருக்கும். சக்கரத்திலிருந்து எதிர்ப்பக்கமாக வரும் முறுக்குவிசை ஓர் அளவைத் தாண்டினால், அந்தச் சரிவுகள் கிளட்ச் தட்டுகளின் அழுத்தத்தைத் தளர்த்திவிடும். தட்டுகள் கொஞ்சம் நழுவும், சக்கரம் தப்பிக்கும். ஹோண்டா நிறுவனம் 1979-ல் களமிறக்கிய என்.ஆர்.500 என்ற பந்தய வண்டியிலேயே இந்த மாதிரி ஏற்பாடு இருந்தது. நம் ஊரில் யமஹா ஆர்15, ஓசூர் டி.வி.எஸ்.ஸின் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 200 ஆகிய வண்டிகளில் 2018-ல் வந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்த அளவில் நழுவ வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே அமைத்துவிடுகிறார்கள். ரோடு அப்படி ஒரே மாதிரியா இருக்கிறது? இன்று காய்ந்த தார், நாளை மழை, மறுநாள் மணல் லாரி சிந்திய மணல். கிளட்சுக்கு மழை பெய்தது தெரியாது! ஏ.பி.எஸ். காப்பாற்றும் என்று நம்புவதும் தப்பு. அது பிரேக்கின் பிடியைத்தான் தளர்த்தும், இன்ஜினின் பிடியை அல்ல. அதோடு நம் வீடுகளில் அப்பாவும் மாமாவும் ஓட்டும் 100 சி.சி. வண்டிகளில் ஸ்லிப்பர் கிளட்ச் எங்கே இருக்கிறது?

அதனால் என் கருத்து இதுதான். புது வசதி நம் தவறைக் கொஞ்சம் மன்னிக்கும். நமக்குப் பதிலாக வண்டி ஓட்டாது. முதலில் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு கியராக இறங்க வேண்டும். கிளட்சை மெதுவாக விட வேண்டும். சாதாரண வண்டிக்கு இதுவே போதும் என்கிறார் மெக்கானிக் மாமா. முறுக்கி ஒத்துப்போக வைப்பதை அதன்பிறகு பழகிக்கொள்ளலாம், அதுவும் 18 முடிந்து, உரிமம் வாங்கி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு.

உரிமத்துக்கு நம்மை எட்டுப் போடச் சொல்கிறார்கள். எட்டுப் போடும்போது நான்காவது கியருக்கு வேலையே இல்லை. அப்புறம் கியர் குறைப்பதை யார்தான் சொல்லித் தருவது? இயற்பியல் சாருக்கு ஒரு வேண்டுகோள்: உராய்வு, நிலைமம் பாடம் நடத்தும்போது ஒரு பீரியட் இதற்கும் ஒதுக்குங்கள் சார். பாடமும் மறக்காது, எங்கள் எலும்பும் தப்பிக்கும்.

“இனிமே இந்த வீட்டுக்குக் கியர் வண்டியே வேண்டாம்” என்கிறார் அம்மா. அம்மாவின் பயம் நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் நம் வகுப்பில் பாதிப் பேர் எப்படியும் வண்டி எடுக்கத்தான் போகிறோம். ‘வேகமாகப் போகாதே’ என்று மட்டும் சொன்னால் போதாது. என் அண்ணன் வேகமாகப் போகவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தெரிந்து ஓட்டுவோம்! முழுசாக வீடு சேர்வோம்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், ‘ஆ’ பிரிவு