குகையை விட்டுவிடுங்கள், மைக்கை அணையுங்கள்

நண்பன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கம்பர்லேண்ட் கேவர்ன்ஸ் என்ற குகை. தரைக்கு 333 அடி கீழே, இயற்கையாக உண்டான பெரிய கூடத்தில் மேடை, விளக்கு, ஸ்பீக்கர், நாற்காலி வரிசை. 2008இல் ‘புளூகிராஸ் அண்டர்கிரவுண்ட்’ என்ற பெயரில் அங்கே கச்சேரிகள் தொடங்கின. வீடியோவுக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: “நம்ம பெலும்ல இப்படி ஒண்ணு பண்ணா எப்படிடா இருக்கும்? சும்மாதானே கிடக்குது.”

அந்தச் ‘சும்மாதானே கிடக்குது’வோடுதான் எனக்குச் சண்டை.

பெலும், ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்தில் 3,229 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய குகை. குழாய் வழியாகக் காற்றை உள்ளே தள்ளித்தான் நம்மை நடக்க விடுகிறார்கள். அப்படியும் சட்டை நனைந்துவிடும். அதற்குள் ‘சப்தஸ்வரால குஹா’ என்று ஓர் அறை. கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளைத் தட்டினால் ஓசை வரும். நான் போனபோது முன்னால் நின்றவர் விரல் முட்டியால் தட்டினார். ணங். அடுத்தவர் தட்டினார். நானும் தட்டினேன். வெளியே வந்தபிறகுதான் உறைத்தது: ஒரு நாளைக்கு எத்தனை முட்டி? அந்த விழுது ஒரு விரல் நீளம் வளர எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்?

இசை என்று வந்துவிட்டால் நமக்குக் கை சும்மா இருக்காது. வர்ஜீனியாவின் லூரே குகையில் லேலண்ட் ஸ்பிரிங்கிள் என்பவர் 1950களில் மூன்று ஆண்டுகள் உழைத்து ஓர் ஆர்கன் செய்தார். விசையை அழுத்தினால் ரப்பர்ச் சுத்தியல்கள் 37 கல்விழுதுகளைத் தட்டும். சுருதிக்கு ஒத்துவராத விழுதுகளை ராவிச் சரிசெய்தார். பொறியாளனாக அந்த வேலையைப் பார்த்து வாய் பிளக்கிறேன். ஆனால் வீணையில் மெழுகு வைத்துப் பதித்த மெட்டு பிசகினால் உருக்கி மறுபடி பதிக்கலாம். ராவிய கல்லுக்கு அன்டூ கிடையாது.

“தட்டவேண்டாம்ப்பா, பாடினா என்ன தேஞ்சிடும்?” பாட்டு தேய்க்காது, கூட்டம் தேய்க்கும். பிரான்சில் லாஸ்கோ ஓவியக் குகையை 1963இல் மூடியதற்குக் காரணம், பார்க்க வந்தவர்கள் மூச்சு விட்டதுதான். அந்த ஈரமும் கரியமில வாயுவும் சுவரைக் கெடுத்தன. நம் ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டில் ஆர்மாமலை இருக்கிறது. இயற்கைக் குகை, உள்ளே எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள். வெயிலும் மழையும் மனிதக் கையும் தின்றது போக மிஞ்சியவை சில திட்டுகள். அங்கேயும் ஒருநாள் ‘புல்லாங்குழல் மாலை’ நடத்த யாராவது கிளம்புவார்கள்.

கேடு வரும் என்று உறுதியாகத் தெரியுமா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல எங்கள் பகுதிக்கு உரிமை உண்டு. பாலாறும் சும்மாதான் கிடந்தது. தோல் ஆலைக் கழிவை அதில் விட்டோம். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: மீளமுடியாத கேடு வரக்கூடிய இடத்தில், அறிவியல் உறுதி இல்லை என்பதைச் சாக்காக வைத்துத் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. கேடில்லை என்று நிரூபிக்கவேண்டியது செய்கிறவனின் பொறுப்பு. ஓர் ஆற்றைப் பறிகொடுத்து வாங்கிய பாடம் அது. குகைக்கும் பொருந்தும்.

ஆனால் அந்த ஆசை பொய்யில்லை. கல்லுக்குள் ஒரு ஸ்வரம் அடங்கும் முன்பே அடுத்தது அதன்மேல் ஏறும். காதோடு சேர்ந்து உடம்பும் கேட்கும். எங்கள் துறையில் இதற்கு ஒரு வழி உண்டு. குகைக்குள் ஒரு பலூனை உடைத்து, ஓசை அடங்கும்வரை பதிவு செய்தால் போதும். பிறகு எந்தப் பாட்டையும் அங்கே பாடியதுபோல் கணினியில் மாற்றிக் கேட்கலாம். ஓர் ஆள் ஒரே ஒரு தரம் உள்ளே போனால் போதும். ஆனால் ஹெட்போன் காதோடு நின்றுவிடும், ஒப்புக்கொள்கிறேன்.

உடம்புக்கு வேண்டுமென்றால் விரிஞ்சிபுரம் வாருங்கள். மதிலழகுக்குப் பேர்போன மார்க்கபந்தீஸ்வரர் கோயில். ஒரு மாலை அங்கே கரண்ட் போய் மைக் நின்றது. நாயனக்காரர் நிறுத்தவில்லை. அதுவரை பெட்டியிலிருந்து வந்த தோடி, இப்போது தூண்களிலிருந்து வந்தது. தவில்காரர் தானாகவே சொற்களைக் குறைத்தார். வேகமாக வாசித்தால் கல் குழப்பிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. பிரசாதம் தின்றுகொண்டிருந்த ஒரு பையன் மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பத்து நிமிஷம். கரண்ட் வந்தது, மைக் கீச்சிட்டது, எல்லாம் பழையபடி ஆனது.

குகையில் கச்சேரி கேட்க ஏங்குகிறவர்களே, நீங்கள் தேடுவது இந்தப் பத்து நிமிஷம்தான். இது மனிதர்கள் கூடுவதற்காக மனிதர்களே அடுக்கிய கல். நூற்றாண்டுகளாகக் கூட்டத்தைத் தாங்கி நிற்கிறது. உங்கள் ஊர்க் கோயிலிலும் ஒரு மண்டபம் இருக்கும். மாதம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், மைக்கை அணையுங்கள் என்று அங்கே போய்க் கேளுங்கள். குகைக்குள் மேடை போடுவதைவிட அது கடினமான போராட்டம் என்று எனக்குத் தெரியும்.

நண்பனுக்கு இதைத்தான் பதிலாக அனுப்பினேன். “சரி, எப்ப வரட்டும்?” என்று கேட்டிருக்கிறான்.