வேலியும் படலையும்

யாழ்ப்பாணத்து மக்களுக்கு வேலியின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கதியால் நட்டு, கிடுகு வரிந்து, ஆண்டுதோறும் புதுக்கி, வளவைக் காத்த சமூகம் அது. ஒரு முழம் வேலி தள்ளிப் போடப்பட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்கள் உண்டு. வேலிக்கு உள்ளே இருப்பது தன்னுடையது; அங்கே பிறர் கேள்வி கேட்க இடமில்லை என்பது ஊரறிந்த நியாயம்.

அந்த நியாயத்தையும் உடன்கொண்டு கடல் கடந்து வந்தவர்கள் கெல்லிவில்லில் வீடு கட்டிக் குடியேறியபோது, வேலி பற்றிய வேறொரு நியாயத்தைச் சந்தித்தார்கள். பின்வளவில் நீச்சல் தடாகம் இருக்குமானால், சொந்த வேலிக்கு உள்ளேயே தடாகத்தைச் சுற்றி இன்னொரு வேலி வேண்டும் என்கிறது நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டம். அதன் உயரம், கம்பிகளின் இடைவெளி, படலை திறக்க வேண்டிய பக்கம், கொளுக்கி இருக்க வேண்டிய உயரம் யாவற்றையும் அரசாங்கமே அளந்து சொல்கிறது.

இதைப் பற்றிய முணுமுணுப்பு அன்பர்கள் கூடும் இடங்களில் அவ்வப்போது கேட்பதுதான். "காணி என்னுடையது, தடாகம் என்னுடையது, பிள்ளைகளும் வளர்ந்து பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்பவர் உண்டு. கட்டணம் கட்டிப் பரிசோதகரை அழைத்து, அவர் ஒரு பூந்தொட்டியைக் காட்டி "இதை அகற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுவது சரியாகாது. கேட்பவர்களிற் பலர் ஊரடங்குச் சட்டத்தையும் சோதனைச் சாவடியையும் கண்டவர்கள். பாதுகாப்பு என்ற பெயரால் பிறப்பிக்கப்பட்ட கட்டளைகள் யாருடைய பாதுகாப்புக்கு உதவின என்பதை அநுபவத்தால் அறிந்தவர்கள். அரசாங்கம் "உன் நன்மைக்கே" என்று சொல்லும்போது, ஒரு கணம் நின்று "அப்படியா?" என்று கேட்பது அவர்கள் விலைகொடுத்துக் கற்ற பாடம். ஆகவே அந்தக் கேள்விக்கு ஒழுங்கான மறுமொழி சொல்லப்பட வேண்டும்.

இக்கேள்வி அவுஸ்திரேலிய மண்ணுக்கும் புதிதன்று. 1970ஆம் ஆண்டின் இறுதியில் விக்டோரியா மாநிலம், வாகனத்தில் செல்வோர் ஆசனப்பட்டி அணிவதைக் கட்டாயமாக்கியது. உலகில் முதன்முதலாக அவ்வாறு செய்த அரசாங்கங்களுள் அது முன்னின்றது. மறு ஆண்டிலேயே நியூ சவுத் வேல்ஸும் பின்பற்றியது. "என் உயிர், என் வாகனம்" என்ற குரல் அன்றும் எழுந்தது. 1970ஆம் ஆண்டில் இந்நாட்டு வீதிகளில் மாண்டவர் தொகை 3,798. சனத்தொகை இரு மடங்காகிவிட்ட 2019இல் அத்தொகை 1,200க்குச் சற்றுக் குறைவு. இந்த மாற்றம் முழுவதும் பட்டியால் மட்டும் வந்ததன்று. 1982 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் தொடங்கிய எழுந்தமானச் சுவாசப் பரிசோதனை, நல்ல வீதிகள், நல்ல வாகனங்கள் யாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் பட்டிக்குப் பெரும் பங்குண்டு என்பதை இன்று மறுப்பார் இல்லை.

ஆசனப்பட்டி விஷயத்திலாவது, "நட்டம் எனக்குத்தானே" என்று ஒருவர் வாதாட ஓரளவு இடமிருந்தது. நீச்சல் தடாகத்தில் அந்த வாதத்துக்கும் இடமில்லை. தடாகத்தைக் கட்ட விரும்பியவர் வீட்டுக்காரர். அதில் விழுவது இரண்டு வயதுக் குழந்தை. குழந்தை தடாகம் கேட்கவில்லை; அதன் ஆழம் இன்னதென்று அதற்குத் தெரியாது; ஆபத்தைத் தெரிந்து ஏற்றுக்கொள்ளும் வயதும் அதற்கு இல்லை. தெரிவு செய்தவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர். சுதந்திரம் என்ற சொல்லின் எல்லை இங்கேதான் இருக்கிறது. இந்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நீரில் மூழ்கி இறக்கும் இடங்களில் வீட்டு நீச்சல் தடாகமே முதலிடம் வகிக்கிறது. கடலோ ஆறோ அவ்வளவு குழந்தைகளைக் கொள்ளவில்லை. குழந்தை நீரில் விழும்போது கூச்சலிடுவதும் அரிது. வாயில் நீர் புகுந்தபின் குரல் எழும்பாது. சமையலறையில் நிற்பவருக்கு ஒரு சத்தமும் கேட்பதில்லை.

ஆகையால்தான் 1990இல் இம்மாநிலம் தடாக வேலிக்குச் சட்டம் இயற்றியது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 1990 ஆகஸ்டுக்கு முன் கட்டப்பட்ட தடாகங்களுக்கு, வீட்டுச் சுவரையும் கதவையும் தடுப்பாகக் கொள்ளலாம் என்ற சலுகை விடப்பட்டது. ஒருகாலத்தில் தோட்டங்களாக இருந்த கெல்லிவில்லின் மனைகளிற் பெரும்பாலானவை அதன் பின்னர் எழுந்தவை. அந்தச் சலுகை அவற்றுக்கு இல்லை. 2013 முதல் ஒவ்வொரு தடாகமும் அரசாங்கப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். 2016 ஏப்ரல் 29 முதல், தடாகமுள்ள வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் உரிய சான்றிதழ் இருக்க வேண்டும்.

அளவுகள் வீம்புக்கு வகுக்கப்பட்டவை அல்ல. வேலி 1.2 மீற்றர் உயரம் இருப்பது சிறு குழந்தை ஏறிக் கடக்காமைக்காக. கம்பிகளுக்கு இடையிலும் வேலியின் அடியிலும் 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது தலை நுழையாமைக்காக. படலை தடாகத்திலிருந்து வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், தானாகவே சாத்திக் கொளுவிக்கொள்ள வேண்டும் என்பது, குழந்தை உந்தினாலும் அது மூடியே நிற்பதற்காக. வேலியிலிருந்து 90 சென்ரிமீற்றருக்குள் ஏறத்தக்க பொருள் எதுவும் இருக்கலாகாது. பரிசோதகர் தொட்டியைக் காட்டி முகஞ் சுளித்ததன் காரணம் இதுதான். துளசித் தொட்டியும் கறிவேப்பிலைத் தொட்டியும் வெயில் பார்த்து வேலியோரம் வைக்கப்படுகின்றன; ஒரு குழந்தைக்கு அவை ஏணிப்படி.

வேலி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தமிழுலகம் 2019ஆம் ஆண்டுத் தீபாவளியன்று கண்டது. அவ்வாண்டு அக்டோபர் 25ஆம் நாள் மாலை, திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறைக்கு அண்மையிலுள்ள நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் விளையாடிக்கொண்டிருந்தபோது கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றினுள் விழுந்தான். முதலில் 30 அடி அளவில் சிக்கியிருந்தவன் பின்னர் 88 அடி வரை இறங்கிவிட்டான். 27ஆம் நாள் தீபாவளி. சிட்னியிலும் மெல்பேணிலும் பலகாரத் தட்டை ஒருபுறம் வைத்துவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து வேண்டியவர்கள் எத்தனை பேர்! 29ஆம் நாள் அதிகாலையில் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமற் போய்விடவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டுமுன் அறிவித்தல் வேண்டும், சுற்றிலும் முள்வேலி இடவேண்டும், குழாய்க்கு மூடி வேண்டும், கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து நிலமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டிருந்தது. அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. துயருற்ற அந்தக் குடும்பத்தின் மேல் பழி சுமத்துவது எளிது, ஆனால் முறையன்று. வளவுக்கு உள்ளே இருக்கும் குழி வளவுக்காரர் விஷயம் என்று ஊரும் எண்ணியது, அதிகாரிகளும் எண்ணினார்கள். அந்த எண்ணந்தான் அங்கே திறந்து கிடந்தது.

கெல்லிவில்லின் நிலை வேறு. இங்கே சட்டமும் உண்டு, பரிசோதகரும் உண்டு, வேலியும் உண்டு, சான்றிதழ் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அப்படியானால் கவலை எதற்கு?

ஒரு விழா நாளை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளையின் பிறந்தநாள், அறுபது எழுபது பேர் வந்திருக்கிறார்கள். இடியப்பமும் குழம்பும் உள்ளிருந்து தடாகத்தருகே உள்ள பந்தலுக்குப் போகவேண்டும். இரு கையிலும் பாத்திரம் ஏந்தி வருபவருக்குத் தானாகச் சாத்தும் படலை பெரிய இடைஞ்சல். யாரோ ஒருவர் உதவி செய்கிறேன் என்று ஒரு கதிரையை இழுத்துப் படலைக்கு முட்டுக் கொடுக்கிறார். அந்தக் கணத்தோடு 1990ஆம் ஆண்டுச் சட்டமும், 1992ஆம் ஆண்டுச் சட்டமும், கட்டணம் கட்டிப் பெற்ற சான்றிதழும் பயனற்றுப் போகின்றன. தடாகம் பாவனையில் இல்லாதபோது படலையைத் திறந்து விடுவது சட்டப்படி குற்றம் என்பது அங்குள்ள பலருக்குத் தெரியாது. தெரிந்தவருக்கும் சொல்ல வாய் வருவதில்லை. முட்டுக் கொடுத்தவர் பெரியவர். வீட்டுக்காரர் உபசரிக்க வேண்டியவர். விருந்தாளி குறை சொல்லக்கூடாதவர். "ஆராவது பார்த்துக்கொண்டுதானே இருக்கினம்" என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். எழுபது பேர் பார்க்கும் குழந்தையை ஒருவரும் பார்ப்பதில்லை.

சட்டத்தால் செய்யக்கூடியது வேலி வரைதான். படலையைச் சாத்துவது மனிதர் வேலை. அரசாங்கம் வீட்டுக்குள் வருவதை விரும்பாதவர், அரசாங்கம் வரவேண்டிய தேவை இல்லாதபடி நடந்துகொள்வதே முறை. தன் படலையைத் தானே சாத்துகிறவனுக்குத்தான் "என் வளவில் தலையிடாதே" என்று சொல்லும் உரிமை முழுமையாக உண்டு.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் மகன் தேரூர்ந்து சென்ற கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. இளவரசன் கன்றைக் கொல்ல எண்ணியவன் அல்லன். வீதியில் தேர் ஓட்டும் உரிமையும் அவனுக்கு உண்டு. ஆனால் "கன்று தானே துள்ளி வந்து விழுந்தது" என்ற சமாதானத்தை அரசன் ஏற்கவில்லை. துள்ளுவது கன்றின் இயல்பு. அதை எண்ணிப் பார்க்க வேண்டியது தேரோட்டுபவன் கடமை. ஓடுவதும் ஏறுவதும் நீரைக் கண்டால் நாடுவதும் குழந்தையின் இயல்பு.

இதனால் எல்லாவற்றையும் சட்டத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. வளர்ந்த ஒருவர் விடியற்காலையில் குளிர்நீரில் நீந்துவதும், கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருப்பதும், தன் உடலைத் தான் பேணும் விதமும் அவரவர் பாடு. வைத்தியர் புத்தி சொல்லலாம், உறவினர் கவலைப்படலாம். கட்டளையிட எவருக்கும் இடமில்லை. புதிதாக ஒரு விதி வரும்போதெல்லாம் அன்பர்கள் ஒன்றை மட்டும் கேட்டுப் பார்த்தால் போதும்: தவறு நேர்ந்தால் இழப்பவர் யார்? தெரிவு செய்தவரே என்றால், விதி தள்ளி நிற்கட்டும். பேசத் தெரியாத, தெரிவு செய்யாத இன்னொருவர் என்றால், விதிக்கு வழிவிடுவதே அறம்.

செய்யத்தக்கவை சில உண்டு. பெருஞ் செலவு எதுவும் இல்லை. தொட்டிகளையும் கதிரைகளையும் வேலியிலிருந்து ஒரு மீற்றர் அப்பால் வைக்கலாம். மாதம் ஒருமுறை படலையைச் சற்றே திறந்து கையை விட்டு, அது தானாகக் கொளுவுகிறதா என்று பார்க்கலாம். கோடைக்காலத்தில் கடையில் வாங்கி ஊதி நிரப்பும் தடாகமும், 30 சென்ரிமீற்றருக்கு மேல் நீர் கொள்ளுமானால் வேலிக்கு உட்பட்டதே என்பதை அறிந்து வாங்கலாம். விருந்தின்போது தடாகத்தை எந்நேரமும் பார்ப்பதற்கென்று, கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்ட ஒரு பெரியவரைப் பெயர் சொல்லி நியமித்து, அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற்றலாம். ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் படலை வேலை செய்யும் விதத்தையும், 000 என்ற இலக்கத்தையும் முதல் நாளே சொல்லிக் கொடுக்கலாம்.

சங்கமும் தன் பங்கைச் செய்யலாம். தடாகத்தருகே தொங்கவிட வேண்டும் என்று சட்டம் சொல்லும் உயிர்மீட்பு முதலுதவிப் பலகையின் விளக்கத்தைத் தமிழில் அச்சிட்டு வழங்குவதும், பள்ளி விடுமுறைக்கு முன் முதியோருக்கென ஒரு முதலுதவி வகுப்பு நடத்துவதும் கோயிற் பணியோடு சேர்ந்தவையே. மூச்சு நின்ற குழந்தைக்கு முதற் சில நிமிடங்களில் அருகில் நிற்பவர் செய்வதே பெரும்பாலும் உயிரைத் தீர்மானிக்கிறது.

இவை எல்லாவற்றிலும் கடினமானது ஒரு சிறு வார்த்தைதான். முட்டுக் கொடுத்த கதிரையைக் கண்டவர், அது யார் வீடாயினும், யார் வைத்ததாயினும், "படலையைச் சாத்துங்கோ" என்று சொல்லிவிட வேண்டும். கேட்டவர் அதை அவமதிப்பாகக் கொள்ளாமல் எழுந்து சாத்திவிட வேண்டும். பிறர் வேலியைப் பற்றிப் பேசுவது அன்று ஊரில் வழக்குக்கு வித்தாக இருந்தது. இன்று கெல்லிவில்லில் அதுவே ஒரு குழந்தைக்குக் காவலாக அமையலாம்.